வாங்க வாங்க, முழுசாக் கேட்டுட்டுப் போங்க

கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் தயாராவது சொந்தப் பாட்டுதான். ரேஸ்கோர்ஸ் பக்கம் எந்தக் காப்பிக் கடைக்குள் நுழைந்தாலும் மூலையில் ஒருத்தன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பான். கேட்டால் ‘இண்டிபெண்டன்ட் ஆர்ட்டிஸ்ட்’ என்பான். யாரிடமிருந்து சுதந்திரம் என்று மட்டும் கேட்கக் கூடாது. சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக அவன் அப்பா காரில் வருவார்.

நானும் அந்தக் கும்பலில் ஒருத்தி என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பகலில் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதின புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வரமாட்டேன் என்கிறேன் என்பது அம்மாவின் குறை.

என் பாட்டு பிறந்தது காப்பிக் கடையில் இல்லை. எங்கள் சிங்காநல்லூர் வீட்டு ஹாலில். பல்லடம் பக்கத்திலிருந்து ரெண்டு கார் நிறைய என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் பின்னறையில், அம்மா கட்டிவிட்ட புடவையில், கூப்பிடும்வரை காத்திருந்தேன். கதவிடுக்கில் கேட்டது முழுக்கக் கேள்விகள். தோட்டம் எத்தனை ஏக்கருங்க, கிணத்துல கோடையில தண்ணி நிக்குதுங்களா, போர் எத்தனை அடி ஓட்டினீங்க, நகையெல்லாம் ஊட்லயே வச்சிருக்கீங்களா லாக்கர்லயாங்க. எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் கேட்பார்கள். கழுத்தில் கத்தி வைப்பதாக இருந்தாலும் ‘சித்த இப்பிடித் திரும்புங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள்.

காப்பித் தட்டோடு நான் போனேன். பார்த்தார்கள். திரும்பி வந்தேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு யோசித்தால், என் பேரை யாருமே கேட்கவில்லை.

“ஜாதகத்துல பாத்திருப்பாங்க கண்ணு” என்றாள் அம்மா.

அந்த வாரமே பாட்டை எழுதிவிட்டேன். மூன்று பகுதி. முதல் பகுதி சுத்தமான உபசாரம்:

வாங்க வாங்க, வெயில்ல வந்தீங்க,
ஃபேனுக்கு நேரா உக்காருங்க,
காப்பிக்குச் சக்கரை போதுங்களா,
உங்க ஊடுங்க இது, கூச்சப்படாதீங்க.

அது வெறும் புழு. தூண்டில்முள் ரெண்டாவது பகுதியில் இருந்தது:

தோட்டம் எத்தனைன்னு கேட்டீங்க,
தண்ணி நிக்குதான்னு கேட்டீங்க,
பீரோ சாவி எங்கேன்னு கேட்டீங்க,
என்ற பேரை மட்டும் விட்டுட்டீங்க.

மூன்றாவதில் வழியனுப்புகிறேன். ‘செருப்பு வாசல்லயே இருக்குதுங்க, பாத்துப் போட்டுக்குங்க, போற வழியில திரும்பிப் பாக்காம போங்க.’

இந்தப் பாட்டு முழுசாக, என் பேரில், வெளியே வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பேரைக் கேட்காமல் போனவர்கள் கேட்கிற மாதிரி பேர் போட்டு வர வேண்டும். அடுத்த கார் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தன் பீளமேட்டில் அவன் மாமாவின் பழைய குடோனில் ஒரு மிக்ஸிங் அறை வைத்திருந்தான். மரியாதைக்கு அவனை மிக்ஸிங் என்ஜினியர் என்று சொல்ல வேண்டும். என்னை அவன் ‘அம்மணி’ என்பான், மரியாதைக்கு இல்லை. அவனுக்கு முதல் பகுதி பிடித்திருந்தது. ரெண்டாவதில்தான் குறை.

“இந்த எடத்துல ஒரு டிராப் வேணும் அம்மணி. எல்லாரும் எந்திரிச்சு ஆடற மாதிரி.”

“இதைக் கேட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போகணும்டா.”

“அப்ப இந்த ‘ங்க’வை எல்லாம் தூக்கு. திட்டற பாட்டுல ஆராச்சும் இத்தனை மரியாதை குடுப்பாங்களா?”

“நம்மூர்ல வேற எப்பிடித் திட்டுவாங்க?”

அவனுடைய பெரியம்மா ஞாபகம் வந்திருக்க வேண்டும், அதோடு விட்டுவிட்டான்.

குரலை வீட்டிலேயே பதிந்தோம். கீழே அப்பாவின் லேத் பட்டறை, அதனால் ஞாயிற்றுக்கிழமை. பட்டறை நின்றாலும் மாடியறை கணீர் கணீரென்று எதிரொலித்தது. சுவரில் தடித்த துணி தொங்கவிட வேண்டும் என்றான் அவன். எங்கள் வீட்டில் தடித்த துணி ஒன்றுதான் உண்டு. என் கல்யாணத்துக்கென்று அம்மா வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பட்டுப்புடவைகள். தயங்கித் தயங்கிக் கேட்டேன். “பட்டை அப்பப்பக் காத்தாட விடோணும், நானே எடுக்கலாம்னு இருந்தேன்” என்று அம்மா பீரோவைத் திறந்துவிட்டாள். நாலு பக்கமும் முகூர்த்தப் புடவைகள் தொங்க, நடுவில் நின்றுகொண்டு, பெண் பார்க்க வந்தவர்களைத் திட்டிப் பாடினேன். குரல் அருமையாகப் பதிந்தது. அந்தப் புடவைகளால் எனக்கு நேர்ந்த ஒரே நன்மை அதுதான்.

பாட்டை வெளியிடுவது பாடுவதைவிடக் கஷ்டம். ஒரு கம்பெனியின் தளத்தில் ஏற்றினால், உலகத்தில் எங்கெங்கே பாட்டுக் கேட்கிறார்களோ அங்கெல்லாம் அவர்களே அனுப்பிவிடுவார்களாம். அதற்கு முன்னால் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பாட்டின் மனநிலை என்ன என்று ஒரு கேள்வி. சந்தோஷம், சோகம், காதல், பக்தி என்று வரிசையாக இருந்தது. கடுப்பு இல்லை. காதல் என்று போட்டேன். வெளியிடும் நாளைச் சில வாரம் முன்னாலேயே குறிக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடுவதுதான் உலக வழக்கம், அதுவும் நடுராத்திரி பன்னிரண்டுக்கு.

“அந்நேரத்துக்கு ஆரு கண்ணு முழிச்சிருப்பா?” என்றாள் அம்மா. காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நான் குறித்தது கரிநாள் என்று கண்டுபிடித்து, அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தாள். தள்ளிவைத்தவள் சும்மா இருந்தாளா, ரெண்டாவது கட்டளையும் போட்டாள்.

“முதல்ல கோயிலுக்குக் கொண்டுபோயிரலாம்.”

கொடுமுடிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அங்கே போய்விட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கார் போனது. பட்டறைக்கு வந்த லேத் மிஷினைத் தூக்க முடியாமல் அதன் சாவி போனது. என் லேப்டாப் போனது. இன்னும் அதன் எழுத்துக்கட்டைகளுக்கு நடுவில் குங்குமம் இருக்கிறது. பாட்டு மட்டும் போகாமல் இருக்குமா?

“என்ன பாட்டு கண்ணு அது?” என்று பஸ்ஸில் கேட்டாள்.

“வரவேற்புப் பாட்டும்மா.”

பென் டிரைவை வெற்றிலை, தேங்காய், பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்தோம். பூசாரி அதைச் சாமி காலடியில் வைத்து, தீர்த்தச் சொம்பைக் கையில் எடுத்தார்.

“ஏனுங்க, அதுல தண்ணி படக் கூடாதுங்க!”

“ஒண்ணும் ஆகாதுங்க அம்மணி. போன மாசம் ஏசி ரிமோட்டுக்கே தெளிச்சேன், சில்லுனு ஓடுதாமா.”

அன்று பௌர்ணமி பூஜை. பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் சவுண்ட் செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணனுக்கு, திடீரென்று கலையார்வம் வந்துவிட்டது. “புள்ள பாட்டுப் போட்டிருக்குதாமா! போடுங்க, கேப்பம்” என்று பென் டிரைவை எடுத்துச் சவுண்ட் செட்டுக்காரரிடம் நீட்டினார். தடுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தடுக்கவும் ஆசையில்லை. எங்கள் பக்கத்துப் பெண் பார்க்கும் படலத்தின் நிரந்தர உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்?

என் குரல் கரும்புக்காட்டுக்கு மேலே எழுந்தது. வாங்க வாங்க, வெயில்ல வந்தீங்க. எல்லார் முகத்திலும் பல் தெரிந்தது. அத்தைமார்கள் தலையாட்டினார்கள். ‘கூச்சப்படாதீங்க’ முடிந்து, ரெண்டாவது பகுதிக்கு முந்தைய தாளம் தொடங்கியது.

பாட்டு நின்றது.

“அன்பர்களுக்கு ஓர் அறிவிப்புங்க. பந்தி ஆரம்பமாயிருச்சுங்க. எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணுமுங்க.”

சோற்றோடு போட்டி போட்டு ஜெயிக்கிற பாட்டு இதுவரை யாரும் எழுதவில்லை. கூட்டம் எழுந்தது. பெரியப்பா போகிற போக்கில் என் தலையில் கைவைத்தார். “என்ன பண்பாடு பாருங்க! வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடறதே மறந்துபோன காலத்துல!” என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டே போனார். சவுண்ட் செட்டுக்காரர் பென் டிரைவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். “ஒரு காப்பி ஏத்திக்கிட்டனுங்க அம்மணி. நல்ல காரியத்துக்கு ஆகும்.”

ஆனது. வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கியதும் எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள் கல்யாண வீடியோத் துண்டுகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாவற்றிலும் மண்டப வாசலில் கார் நிற்கிறது, மாப்பிள்ளை வீட்டார் இறங்குகிறார்கள், பன்னீர் தெளிக்கிறார்கள், பின்னணியில் நான் அவர்களை ஃபேனுக்கு நேராக உட்காரச் சொல்கிறேன். எந்த மாப்பிள்ளை வீட்டாரை எழுப்பி அனுப்ப எழுதினேனோ அவர்களையே தட்டு வரிசையோடு உள்ளே அழைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் மேளம் தொடங்கிவிடும், பாட்டை நிறுத்திவிடுவார்கள். முதல் பகுதியைத் தாண்டி ஒரு ஈ, காக்கைகூடக் கேட்கவில்லை.

“ஹிட்டு அம்மணி, ஹிட்டு!” என்று பீளமேட்டுக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஆரு பாடினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுடா.”

“அதான் நாட்டுப்புறப் பாட்டு. உசுரோட இருக்கறப்பவே நாட்டுப்புறமான மொதல் ஆளு நீதான்.”

வெள்ளிக்கிழமை வந்தது, கரிநாள் இல்லாத நல்ல வெள்ளி. பாட்டு வரவில்லை. பதிலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த ஒலிப்பதிவு முழுவதும் ஏற்கெனவே வேறொருவரின் பேரில் பதிவாகியிருக்கிறது, எனவே வெளியிட இயலாது. உரிமையாளர் தாராபுரத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோ. அந்தக் குரல் என்னுடையது என்று எழுதினேன். அப்படியானால் உரிமையாளரின் சம்மதத்தை இணைக்கவும் என்று பதில் வந்தது. என் தொண்டைக்குத் தாராபுரத்தில் ஒரு முதலாளி இருக்கிற விஷயம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுப் பழகிக்கொண்டே போனேன்.

ஸ்டுடியோ மாடியில் இருந்தது. படிக்கட்டுச் சுவர் முழுக்க மணமக்கள். அமராவதி ஆற்று மணலில் ஓடுகிறார்கள், காற்றாலைக்குக் கீழே ஒருத்தரையொருத்தர் முறைக்கிறார்கள். மேலே முதலாளி கும்பிட்டபடி எழுந்து வந்தார். நடுத்தர வயசு, சலவைச் சட்டை.

“வாங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க” என்று நாற்காலியை இழுத்து ஃபேனுக்கு நேராகப் போட்டார். சத்தியமாக. நான் பழகி வைத்திருந்த சண்டையில் பாதி அங்கேயே காலி.

“என் பாட்டு உங்க பேர்ல இருக்குதுங்க” என்றேன்.

“எந்தப் பாட்டுங்க?”

முதல் வரியைப் பாடினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அட! நீங்கதானுங்களா அது! எத்தனை கல்யாணத்துக்குப் போட்டிருக்கேன் தெரியுங்களா! சவுண்ட் செட்டுக்காரரு முழுப் பாட்டையும் குடுத்துட்டாருங்க, கோயில்ல வந்த பாட்டுன்னு. கண்ணு, டீ சொல்லு.” மூலையில் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

“அதை ஏனுங்க உங்க பேர்ல பதிஞ்சீங்க?”

“அதா? என்ற வீடியோவ எல்லாம் ஒருத்தரு எடுத்துத் தன் பேர்ல போட்டுக்கிட்டாருங்க. திருட்டுக்குப் பயந்து, என்கிட்ட இருக்கற அத்தனையும் பதிஞ்சு போட்டேன்.”

“அதுல என் பாட்டும் போயிருச்சுங்க.”

“கோயில் பாட்டு பொதுதானுங்களே அம்மணி.”

“கோயில் வாசல்ல விட்ட செருப்பும் பொதுங்களா?”

“சில கோயில்ல ஆயிருதுங்க” என்று சிரித்தார். கோபப்படவே மாட்டேன் என்கிறார். எங்கள் பக்கத்து ஆட்களோடு சண்டை போடுவதில் இதுதான் பெரிய தொந்தரவு. அவர்களிடம் ‘முடியாது’ என்ற சொல்லே கிடையாது. ‘பாப்பமுங்க’ ஒன்றுதான் உண்டு, அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஓட்டிவிடுவார்கள்.

“திருப்பிக் குடுத்தர்றேனுங்க, அதுக்கென்ன. இந்த முகூர்த்தமெல்லாம் முடியட்டும். ஆடியில வேலையே இருக்காது, நிதானமாப் பண்ணிப்போடலாம். இல்லீன்னா ஒண்ணு பண்றனுங்க. பாட்டு இப்பிடியே இருக்கட்டும். கீழ ‘குரல் உதவி’ன்னு உங்க பேரைப் போட்டர்றேன்.”

குரல் உதவி. என் பாட்டுக்கு நான் உதவி. பெண் பார்க்க வந்தவர்கள் பேரைக் கேட்கவில்லை. இவர் கேட்டு வாங்கி, சின்ன எழுத்தில் கீழே போடுகிறேன் என்கிறார்.

“பாட்டை முழுசாக் கேட்டிருக்கீங்களா?”

“எங்கீங்க நேரம்? மாப்பிள்ளை காரைவிட்டு எறங்கி உள்ள போற மட்டுக்குந்தான்.”

“போடுங்க” என்றேன்.

பெரிய ஸ்பீக்கரில் போட்டார். முதல் பகுதிக்குத் தன் சொத்து மாதிரி தலையாட்டினார். ‘தோட்டம் எத்தனைன்னு கேட்டீங்க’ வந்ததும் தலை நின்றது. பீரோ சாவி வந்தபோது டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் அந்தரத்தில் இருந்தது. மூலையில் இருந்த பெண் ஹெட்போனைக் கழற்றினாள். செருப்பைப் பார்த்துப் போட்டுக்கச் சொன்ன இடத்தில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது.

“அண்ணா, போன வாரம் காங்கேயத்துல நம்ம எடுத்த பார்ட்டி—”

“சித்த சும்மா இரு கண்ணு.” என் பக்கம் திரும்பினார். “இது… இது என்ற பேர்லயா இருக்குதுங்க?”

“முழுசா உங்க பேர்லதானுங்க.”

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தேடி எடுத்துக் கேட்டாங்கன்னா?”

“உங்க போன் நம்பரோட வருமுங்க.”

ஆடி மாதம் வரைக்கும் முடியாத காரியம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. தானே லேப்டாப்பைத் திறந்து உரிமையை விட்டுக்கொடுத்தார். சம்மதம் தட்டச்சு செய்து அனுப்பினார். “எங்கயாச்சும் என்ற பேரு ஒட்டீட்டு இருக்குதுங்களா, நல்லாப் பாருங்க அம்மணி” என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் நியாயம் பேசியபோது ஒரு மயிரும் அசையவில்லை. கல்யாண ஆர்டர் போய்விடும் என்ற பயம் வந்ததும், படைப்பாளியின் உரிமை பற்றி அவருக்கு இருந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்தப் பெண் மட்டும் படிக்கட்டில் பின்னால் வந்து, “அக்கா, உங்க பேரு என்னங்க?” என்றாள். சொன்னேன். போனில் குறித்துக்கொண்டாள்.

பாட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது. அம்மாவிடம் காலண்டர் கேட்கவில்லை. மூன்று பகுதியும், என் பேரும், காதல் என்ற மனநிலையும். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காலை வணக்கத்துக்கே நாற்பது கும்பிடு போடுகிற குழு. அன்று ஒரு கும்பிடுகூட விழவில்லை. சாயங்காலம் பெரியப்பா அம்மாவுக்குப் போன் போட்டார்.

“பாட்டு அருமைங்க. முதல் பாதி கோயில்லயே கேட்டதுதான். அந்தப் பின்பாதி மட்டும்… நாளைக்கு ஒரு எடத்துல பேச்செடுத்தா சங்கடம் பாருங்க. அதை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க” என்றது எனக்கே கேட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்று அம்மா வைத்தாள்.

“ஏங் கண்ணு, பின்பாதின்னு ஒண்ணு இருக்குதா?”

இயர்போனைக் கொடுத்தேன். சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மனையில் அரசாணிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் கதவில் சாய்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டுகள் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தன. இவள் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அப்போது தோன்றியது. தாராபுரத்துக்காரரோடு போட்ட மாதிரி இவளோடு சண்டை போட முடியாது.

முடிந்ததும் ஒரு காதை மட்டும் கழற்றினாள்.

“எல்லாம் போட்டிருக்கற. ஒண்ணை விட்டுட்டயே.”

“என்னது?”

“நீ உள்ள இருந்த. அந்தப் பையனோட அம்மா கேட்டாங்க. உங்களுக்குத்தான் பையன் இல்லீங்களே, உங்க காலத்துக்குப் பொறவு இந்த ஊடு ஆருக்குங்கன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுங்களான்னு கேட்டேன்.”

அரசாணிக்காயின் இன்னொரு கீற்றை எடுத்தாள். முழுசு முழுசு என்று ஊர் ஊராக நான் அலைந்த பாட்டு முழுசே இல்லை. வெளிவந்த பாட்டில் இனி ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது என்று அவளுக்கு விளக்கினேன். சேர்ப்பதானால் எடுத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதே கேள்விகள், அதே வாரங்கள். “அப்ப இது இருக்கட்டும்” என்றாள். அதற்குள் பெரியப்பா மறுபடியும் கூப்பிட்டார். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மாவே எடுத்தாள்.

“சொல்லுங்க. ஆமாங்க, கேட்டனுங்க. இல்லீங்க, எடுக்கறதில்லீங்க. அதுல இன்னும் கொஞ்சம் சேக்க வேண்டியிருந்துச்சு, அதுதான் முடியலையாமா.” அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். “சரிங்க. அப்பறம், சாப்பிட்டாச்சுங்களா?”